படத்தின் பின்பக்கம்

சாமி படத்துக்குப் பின்னால் ஆணுறை. அதுவும் டேப் போட்டு ஒட்டி.

தம்பியின் லாரியில் இருந்த படத்துக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. புதுச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று கழற்றி வந்து, சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தபோதுதான் அவனுடைய அக்கா, அவன் மனைவிக்கு நாத்தனார், அதைப் பார்த்தாள். பிரார்த்தனைக் குழுவுக்குத் தலைவி வேறு. கேட்க வேண்டுமா?

தம்பி குளித்துக்கொண்டிருந்தான். குளியலறை வரைக்கும் கேட்கட்டும் என்றே ஆரம்பித்தாள். மானம் போச்சு, மரியாதை போச்சு என்று பத்து நிமிஷம். தன் வீட்டுக்காரரும்தான் மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகத் துணி விற்கப் போகிறார், அவர் பெட்டியில் இப்படி ஒரு கண்றாவி உண்டா என்று கூடவே ஒரு நற்சான்றிதழ்.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டினது நான்தான் அண்ணி."

"நீயா? தப்பு பண்ணிட்டு வான்னு நீயே கட்டிக் கொடுத்து அனுப்புறியா?"

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வழியில் ஒரு நாள் அவன் சறுக்கிவிட்டான். வீட்டுக்கு வந்து அவனே சொல்லி அழுதான். இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்து, ஒன்றுமில்லை என்ற காகிதம் கைக்கு வரும்வரை இவள் அவனோடு பேசவில்லை.

"அன்னிக்கு சாமி பார்க்கக் கூடாதுன்னு படத்தைத் திருப்பி வச்சாராம். சாமியை ஏமாத்தலாம், நோயை ஏமாத்த முடியுமா? இனிமே திருப்பினா இது கையில தட்டுப்படட்டும்னு ஒட்டினேன்."

"நல்லா ஒட்டினே. இதுவரைக்கும் எத்தனை டஜன் ஆச்சு?"

"மூணரை."

சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையை இழுத்தாள். உள்ளே நாற்பத்திரண்டு பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வண்டிச் சூட்டுல கெட்டுப்போயிடும்னு நர்ஸ் சொன்னாங்க. அதனால ஒவ்வொரு லோடுக்கும் பழசை எடுத்துட்டுப் புதுசு ஒட்டுவேன். இத்தனை நாள்ல ஒரே ஒரு தடவை படத்தைத் திருப்பினாராம். உடனே எனக்குப் போன். 'பின்பக்கத்துல நீ நின்னுட்டிருந்தே'ன்னார். வண்டியைக் கிளப்பிட்டு வந்துட்டார்."

பந்தயத்தில் வெற்றிக் கோப்பை வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"சந்தேகம்னா எண்ணிப் பாருங்க அண்ணி."

நாத்தனார் எண்ணவில்லை. புதுச் சட்டத்தைத் துடைத்துப் படத்தைப் பொருத்தினாள். பின்பக்கத்தில் இருந்ததை இருந்த இடத்திலேயே ஒட்டினாள்.

தம்பி மனைவி துணிகளை அள்ளிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலம் நாத்தனாரின் கைப்பைக்கு இடம் மாறியது.

"அதைத் தூக்கிப் போட்டுடுங்க அண்ணி," என்றாள் இவள், திரும்பாமலே. "வெயில்ல வெந்தது. அண்ணன் பெட்டிக்குப் புதுசு தர்றேன்."