அப்பாவின் வலக்கை

மாலை வெயில் சன்னல் கம்பிகளின் வழியாக மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் காளிதாசன் தன் வலக்கையை விரித்து வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் உள்ள ஒருவருடைய கையைப் பார்த்து வரைந்து வர வேண்டும் என்பது ஓவிய ஆசிரியை கொடுத்த வீட்டுப்பாடம். எதிரே மகள் யாழரசி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நிழல் தீட்டுகிறாள். புறங்கையில் புடைத்த நரம்பு, நகக்கண்ணில் போகாத கிரீஸ் கறை, தளர்ந்த கடிகாரப் பட்டை எல்லாம் தாளில் அப்படியே வந்திருக்கின்றன. வெளியே பீடோங் ஊருக்குப் போகும் பஸ் இரைந்துகொண்டு போகிறது.

"முடிஞ்சிச்சாம்மா? கை மரத்துப் போச்சு லா," என்று அவர் தாளைத் தன் பக்கம் திருப்புகிறார். அவர் பார்வை விரல் விரலாக நகர்ந்து கடைசி விரலில் நிற்கிறது. தொழிற்சாலை இயந்திரம் கொண்டுபோன சுண்டுவிரல் படத்தில் நகத்தோடு முழுசாக இருக்கிறது. வகுப்பில் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று அவளாகச் சேர்த்த விரல்.

"அடேயப்பா, பேக்டரிக்காரன் குடுக்காத விரல என் மக குடுத்துட்டா!"

அவள் சிரிக்கவில்லை. காது மடல் சுடுகிறது. "மாத்திடறேன்ப்பா."

"இத கிளாஸ்ல ஒட்டுவாங்களா?"

"ம்... எல்லாரோடதையும் ஒட்டுவாங்க."

"அப்ப இப்படியே இருக்கட்டும்மா. அழகா இருக்கு." அவர் கையை மெல்ல எடுத்து மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்கிறார்.

அவளுக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.