ஆறாவது தடவை

சுவரில் பாதி ஓட்டை போட்ட நிலையில் டிரில் சட்டென்று நின்றுவிடுகிறது. பிடியின் மேல் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பிடித்திருக்கும் கை தளர்ந்து மிஷின் அதை முறுக்கப் போனால் தானாகவே நின்றுகொள்ளும் ரகம் அது. காலையிலிருந்து இது ஆறாவது தடவை. ஏணியில் நிற்கும் எலெக்ட்ரீஷியன் வாயில் புகுந்த சிமெண்ட் தூசியைத் துப்புகிறார். "மாப்ளே, இது சனியன் பிடிச்ச மிஷின். உன்னோடதைக் குடு." எதிர்ச் சுவரில் துளை போடும் தங்கை புருஷன் தன் டிரில்லை நிறுத்திவிட்டுத் தயங்குகிறான். "மச்சான், அதுதான் என்னோடது. சாப்பாட்டுக்கு முன்னாடியே மாத்திக்கிட்டோமே." ஜன்னல் வெயிலில் தூசி கீழே இறங்கக்கூடச் சோம்பலாய்த் தொங்குகிறது. காலையில் நின்று நின்று போகிறதென்று அவர் வாய்க்கு வந்தபடி வைத மிஷின் அங்கே மறுபடி இரைந்து, நிற்காமல் ஓடுகிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால் போதும், விளக்கு அணைந்து இதுவும் ஓடும். அவர் விரலை எடுக்கிறார். மறுபடி அழுத்தவில்லை.