மார்லீஸின் ராசி

ஒரே ஓர் ஆட்டம் தோற்றால்தான் என்ன குறைந்துபோகும்? வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றும்போது மார்லீஸின் மனசுக்குள் இப்படி ஓர் எண்ணம் ஓடியது. ஓடி முடிந்ததும் அவளுக்கே திக்கென்றது. பெற்ற மகன் ஆடுகிற அணியைப் பற்றி ஒரு தாய் நினைக்கிற நினைப்பா இது?

மேசையில் அவள் கணவர் டுவேன் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். செப்டம்பரில் கல்லூரி அணி முதல் ஆட்டத்தை ஜெயித்த நாளிலிருந்து அந்தச் சட்டை தண்ணீரைப் பார்க்கவில்லை. இதுவரை ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. இன்று கடைசி ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டால், அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் தோல்வியே காணாத முதல் அமெரிக்க ஃபுட்பால் அணி இதுதான்.

"சட்டையை நாளைக்காவது துவைக்கப் போடலாமா?"

"நாளைக்குக் கொளுத்திக்கூடப் போடு. இன்னைக்குக் கை வைக்காதே."

"அப்பா பக்கத்துல உக்காந்தா எதிரணி தானா மயங்கி விழுந்துடும்மா" என்று சிரித்தான் மகன் ட்ரென்ட். கல்லூரியில் இது அவனுக்குக் கடைசி வருஷம். விடுதியிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

காபிக் கோப்பைக்கு அவன் இடது கையை நீட்டப் போனான். அதற்குள் மார்லீஸ் கோப்பையை எடுத்து அவன் வலது பக்கம் வைத்தாள். அவன் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தான்.

முதல் மூன்று வருஷமும் அவள் ஓர் ஆட்டம் விடாமல் போனாள். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் முதல் ஆட்டத்தன்று அவளுக்குக் காய்ச்சல். "நீ படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டுவேன் நண்பர்களோடு வண்டியேறினார். ஜெயித்துவிட்டுத் திரும்பியவர் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நீ வராததுதான் ராசி, மார்லீஸ்!"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தன் தங்கைக்கு ஃபோன் போட்டிருந்தார்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மளிகைக் கடையில் கேட்டார்கள், சர்ச் வாசலில் பாதிரியார் கேட்டார்: "சனிக்கிழமை வீட்லதானே இருப்பீங்க?" வாரத்துக்கு வாரம் வெற்றி கூடக் கூட, கேட்டவர்கள் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் அவள் என்ன செய்தாள் என்று டுவேன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஆனால் இன்று வேறு. கடைசி வருஷப் பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து மைதானத்தின் நடுவுக்கு நடப்பார்கள். ஒலிபெருக்கியில் இருவர் பெயரையும் சொல்வார்கள். பையன் அம்மாவுக்கு ஒரு மஞ்சள் செவ்வந்தி கொடுப்பான்.

"ஜோலீன் நடக்கறேன்னு சொல்லிட்டா" என்றார் டுவேன், தட்டைப் பார்த்தபடியே.

"உன் தங்கச்சியா?"

"ஒன்பது ஆட்டமும் வந்தவ அவ. ராசிக்காரி."

"பெத்தவ நான்."

"யாரு இல்லைன்னா? ரேடியோவைப் போட்டுட்டு அடுப்புப் பக்கம் உக்காரு. வெளியில இருக்கற குளிருக்கு மூக்கு உதிர்ந்துடும். உன் இடத்துல நான் இருந்தா சந்தோஷப்படுவேன்."

மார்லீஸ் மகனைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா. ஆனா பசங்க நேத்தும் கேட்டாங்க, 'உங்கம்மா வரலைல்ல?'ன்னு. தோத்துட்டா இந்த ஊர் காலம் பூரா உன்னைத்தான் சொல்லும். இன்னிக்கு ஒரு நாள் வீட்லயே இரும்மா. எனக்காக."

எனக்காக. அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு வாரமும் அவள் வாயை அடைத்தார்கள். அதைச் சொல்லித்தான் அவளும் தன் வாயை அடைத்துக்கொண்டாள். முட்டை கருகிய வாசனை வந்தது. அடுப்பை அணைத்தாள்.

பிறகு கதவருகே போய், ஆணியில் மாட்டியிருந்த நீல மஃப்ளரை எடுத்தாள். செப்டம்பரில் வாங்கியது. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பறே?" டுவேன் எழுந்துவிட்டார். "மார்லீஸ், விளையாடாதே."

அவள் மகனிடம்தான் பேசினாள். "தோள்பட்டை எப்படி இருக்கு?"

"எந்தத் தோள்பட்டை?"

"இடது. போன வாரம் மூணு பேர் சேர்ந்து உன்னைச் சாய்ச்சாங்களே. எழுந்து அந்தக் கையை ஒரு தடவை உதறிட்டு, ஒண்ணுமே ஆகாத மாதிரி நடந்தியே."

ட்ரென்டின் கையில் தொப்பி சுற்றுவது நின்றது. "அதை நான் பயிற்சியாளர்கிட்டகூடச் சொல்லல. ரேடியோலயும் வந்திருக்காதே."

"நீ விழுந்தப்போ என்னைச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் எழுந்து கைதட்டினாங்கடா. நானும் தட்டினேன். தட்டலைன்னா கண்டுபிடிச்சிருப்பாங்க."

"யாரு? யாரு கைதட்டினாங்க?" என்றார் டுவேன், ஒன்றும் புரியாமல்.

மார்லீஸ் விலைச்சீட்டைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள். அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"காய்ச்சலோட பின்னாடியே வந்த முதல் ஆட்டத்துலேர்ந்து ஒன்பதையும் எதிரணிக்காரங்க நடுவுல உக்காந்து பாத்தேன், டுவேன். இன்னிக்கு அங்க உக்கார மாட்டேன்."