இடது கை வேண்டாம்

"கால்லருந்து எடுக்கற சிரை பத்து வருஷத்துல அடைச்சாலும் அடைச்சுக்கும். கையிலருந்து எடுக்கற தமனி அதுக்கு மேலயும் உழைக்கும். எந்தக் கையால எழுதுவீங்க?" என்றார் பைபாஸ் சர்ஜன்.

"வலது கை."

"அப்ப இடது கையில எடுத்துடலாம்."

"வேண்டாம் டாக்டர். கால்லயே எடுங்க."

மனைவிக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் இடது கையால் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தியதில்லை.

"அந்தக் கையில அப்படி என்னங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"எனக்கு நெஞ்சு வலிக்குது, நீ வேற."

"நெஞ்சு வலின்னா இவர் பேச்சை மாத்தறார்னு அர்த்தம் டாக்டர். நீங்க கையிலயே எடுங்க."

அறுக்கப்போகும் கையில் ஊசி குத்தக்கூடாது என்பதால், நர்ஸ் அவருடைய வலது கையில் டிரிப்ஸ் ஏற்றிக் கட்டுப் போட்டாள். பிறகு படிவத்தை நீட்டினாள்.

"'முழு மனதுடன் சம்மதிக்கிறேன்'னு உங்க கையாலயே எழுதுங்க சார்."

அவர் திருதிருவென்று விழித்தார். வேறு வழியில்லாமல் இடது கையில் பேனாவை வாங்கி, ஒரே மூச்சில் முத்து முத்தாக எழுதினார். ஒவ்வொரு 'ம'வுக்கும் ஒரு வால்.

மனைவி அந்த வால்களை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முதலில் நிச்சயித்திருந்த வேறொரு சம்பந்தத்தை முறித்த மொட்டைக் கடிதாசியிலும் இதே வால்கள்தான். 'மாப்பிள்ளைக்கு இருதயம் பலவீனம்' என்று அதில் எழுதியிருந்தது.

"சிஸ்டர், ரொம்ப வருஷம் உழைக்கிற மாதிரி போடச் சொல்லுங்க," என்றாள். "இவர்கிட்ட நான் நிறையக் கேட்க வேண்டியிருக்கு."