ஏழு நாற்காலிக்காரி

ஒன்பது பேர்தான் வந்திருந்தோம்.

எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பதுதான். தையல்கடைக்காரர் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று டீச்சர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் வந்தபாடில்லை.

தொடர்ந்து மூன்று வாரம் பத்துப் பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். இது மூன்றாவது வாரம். ஏழு மணிக்கு அதிகாரி வந்து தலை எண்ணுவார். இந்த நூலகக் கட்டடம் முழுக்க அவர் பொறுப்புதான். கறார் பேர்வழி. ஒன்பதரை என்றால்கூடப் பத்து என்று எழுத மாட்டார்.

வாரத்துக்கு ஒரு சாயங்காலம் நடக்கிற பொருளாதார வகுப்பு இது. கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது. விலை ஏன் ஏறுகிறது, கூலி ஏன் ஏறவில்லை, நம் உழைப்பில் யார் பங்கு எங்கே போகிறது, இதுதான் பாடம்.

நான் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். பதினெட்டு வருஷம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, போன மாசம்தான் முதலாளியிடம் முதல் தடவையாக "ஏன்?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தை இந்த அறையில் கிடைத்தது. இதையும் இழுத்து மூடிவிடுவார்களே என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டீச்சர் எங்கள் எல்லாரையும்விடச் சின்னப் பெண். நடப்பது நடக்கட்டும், பாடத்தையாவது முடிப்போம் என்று எழுந்து, கைப்பிடி இல்லாத பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டாள்.

"நாட்டுல இருக்கிற மொத்தச் சொத்தும் இந்தப் பத்து நாற்காலின்னு வச்சுக்குவோம். ஆளும் பத்துப் பேர். ஒருத்தருக்கு ஏழு நாற்காலி. மிச்ச ஒன்பது பேருக்கு மூணு."

அதற்கும் ஓர் ஆள் குறைந்தது. கொடுமையைப் பாருங்கள்!

வாசலில் கூட்டுகிற அக்கா வாளியும் துடைப்பானுமாக நின்றிருந்தாள். வகுப்பு முடிந்தால்தான் அவளுக்கு வேலை முடியும். வாரா வாரம் அங்கேதான் நிற்பாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வந்து இதுல படுங்களேன்."

"படுக்கவா? ஏம்மா, வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு துடைப்பானைச் சுவரில் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏழு நாற்காலியிலும் காலை நீட்டிப் படுத்தாள்.

மிச்ச மூன்றில் நாங்கள் ஒன்பது பேர். பஸ் கண்டக்டர் விடுவாரா? "உள்ள போங்க, உள்ள போங்க" என்று எங்களை அடைத்தார். ரொட்டிக்கடைக்காரரின் பாதி உடம்பு என் மடியில். மானம் கப்பலேறியது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

"இப்ப அவங்களைப் பார்த்து என்ன கேக்கத் தோணுது?" என்றாள் டீச்சர்.

அதற்குள் அக்கா தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்துகொண்டிருந்தது.

அப்போது படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார் அதிகாரி.

வேலை நேரத்தில் தூங்குவதைப் பார்த்தால் அவள் வேலையே போய்விடும். அக்கா போட்டிருந்தது இந்தக் கட்டடத்தின் நீலச் சீருடை. எப்படி எழுந்தேனோ தெரியாது, என் சால்வையை எடுத்து அவள் கழுத்துவரை மூடினேன். கண்டக்டர் வாளியைக் காலால் கதவுக்குப் பின்னே தள்ளினார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மறுபடி வந்து மூன்று நாற்காலியில் நசுங்கி உட்கார்ந்துகொண்டோம்.

அதிகாரி பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். ஏழு நாற்காலியைப் பார்த்தார்.

"யாரு இது?"

டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. கண்டக்டரைப் பார்த்தாள்.

"அவங்கதான் சார் பணக்காரங்க" என்றார் கண்டக்டர்.

அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலிகளின் அருகில் போய்க் குனிந்து, தூங்குகிற முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு மேஜைக்கு வந்து எங்களிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார். தானும் ஏதோ எழுதினார். "பத்து" என்று மட்டும் சொல்லி, பதிவேட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாவு விழுந்துவிட்டது என்றார். கறார் பேர்வழியையே ஏமாற்றிவிட்டோம் என்று கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும்தான் சிரித்தேன். இப்போதைக்கு இந்த அறை எங்களுக்கு உண்டு.

டீச்சர் எழுந்து பதிவேட்டைத் திறந்தாள். படித்துவிட்டு அதை எங்கள் பக்கம் திருப்பினாள்.

ஒன்பது வரி எங்களுடையது. பத்தாவது வரியை அவரே நிரப்பியிருந்தார்.

தொழில் என்ற இடத்தில் 'துப்புரவு, இதே கட்டடம்' என்று இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில், 'தானாக எழுந்த பிறகு வாங்கவும்.'

பெயர் என்ற இடத்தில் ஒரு பெயர் முழுதாக, முன்னெழுத்தோடு இருந்தது.

ஒன்பது பேரும் மாறி மாறி அதைப் படித்தோம். இரண்டு வருஷமாக அவள் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறோம். அவளுக்கு அந்தப் பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.