தும்மாத தங்கை

“ஞாபகம் வச்சுக்கோ. இன்னிக்கு நீதான் அக்கா, நான் தங்கச்சி,” என்றாள் பெரியவள், தன் அடையாள அட்டையைச் சின்னவளின் கழுத்தில் மாட்டியபடி.

“அப்ப மரியாதையா பேசு. போய்த் தண்ணி கொண்டா.”

கல்லூரி மருத்துவ அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள். ஆய்வுக்கென வளர்க்கும் எலிகளைப் பராமரிக்கும் கூடத்தில் பெரியவளுக்கு வேலை. அவற்றைக் கையாளும் முறையைப் புது மாணவர்களுக்குக் கற்பிப்பவளும் அவளே. சில மாதங்களாகக் கூண்டை நெருங்கினாலே தும்மல், படுத்தால் இளைப்பு. எலி ஒவ்வாமை என்று உறுதியாகிவிட்டால் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு வேறு வேலை தேடித் தரவும் ஆளில்லை. நல்லவேளையாக, ஆண்டுப் பரிசோதனைக்கு இம்முறை வந்திருந்தது புது டாக்டர். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த முகம். போதாதா?

“எலியை எப்படித் தூக்குவீங்கன்னு கேட்டா?”

“ஒரு கையால உடம்பைச் சுத்திப் பிடிச்சு, மறு கையால அடியில தாங்குவேன்னு சொல்லு.”

“கரப்பான்பூச்சியைப் பாத்தாலே கட்டில்மேல ஏறுறவ நான். என் தலையெழுத்து.”

டாக்டரம்மா எலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளின் முன்கையில், ஒவ்வாமையைக் கண்டறியும் சில மருந்துத் துளிகளை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றின்மீதும் ஊசிமுனையால் மெல்லக் குத்தினார்.

“கொஞ்ச நேரம் சொறியாம இருங்க. இவங்க யாரு?”

“தங்கச்சி மேடம்,” என்றாள் பெரியவள்.

“உங்க அக்காவைவிட மூத்தவங்க மாதிரி இருக்கீங்களே.”

“அவளுக்குப் பொறந்ததுலேருந்தே கவலை ஜாஸ்தி மேடம்,” என்றாள் சின்னவள்.

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பெரியவளுக்குப் பல நாட்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. இந்த ஓராண்டை ஓட்டிவிட்டால் போதும். அடுத்த ஆண்டை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் திரும்பி வந்தபோது, சின்னவளின் கையில் ஒரு துளி இட்ட இடம் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது.

“எலிதான், சந்தேகமே இல்ல,” என்றார், அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்து. “இது ஒரு நாள்ல வர்றதில்ல. ரொம்ப காலமா உள்ள இறங்கியிருக்கு. இனிமே நீங்க கூடத்துப் பக்கமே போகக் கூடாது. நிர்வாகத்துக்கு இப்பவே சொல்லிடறேன்.”

அவர் போனதும் பெரியவள் தங்கையின் கையைப் பற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“மருந்தை மாத்தி விட்டிருப்பாங்கடி. நீதான் எலியைப் பாத்ததே இல்லையே.”

“பாத்ததில்லதான்.” சின்னவள் தடிப்பை வாயால் ஊதிக்கொண்டாள். “வாராவாரம் நீ எலிக்கூடத்துல போட்டுக்கிற கோட்டை உதறித் துவைக்கிறது யாரு? அப்ப வர்ற தும்மலுக்கு இத்தனை நாள் சோப்புத்தூளைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.”

அந்தக் கோட்டு கூடத்து வாசலைத் தாண்டவே கூடாது என்பதுதான், பெரியவள் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும் முதல் பாடம்.