"பக்கத்துல யாரு மேடம்?"

திண்டிவனத்தை அடுத்த ஊரில் கலைமதி தனியாக இருக்கிறாள். கணவர் குமரேசன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மகள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

ஒரு மத்தியானம் கலைமதி மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். அவளுடைய கணக்கு இன்றைக்கே முடங்கிவிடும் என்றும், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கும் ஆப்பை உடனே போனில் ஏற்றவேண்டும் என்றும் அவசரப்படுத்தினான். மகளின் படிப்பு அந்தக் கணக்கை நம்பித்தான் இருந்தது. பதறிப்போன கலைமதி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, 'இன்ஸ்டால்' என்ற எழுத்தின்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"பக்கத்துல யாரு மேடம்?" என்றான் அவன்.

"யாரும் இல்லைங்க. நான் மட்டுந்தான் இருக்கேன்."

"ஆம்பளை குரல் கேக்குதே. நான் பேசப் பேச அவரும் கத்திக்கினே இருக்காரு. கம்முனு இருக்கச் சொல்லுங்க."

கலைமதி திரும்பிப் பார்த்தாள். ஃபேன் சத்தம் தவிர வீட்டில் எதுவும் கேட்கவில்லை.

"என்னா சொல்றாரு?"

"'மதிக்குட்டி தொடாத, தொடாத'ன்னு அதையேதான் சொல்லிக்கினு இருக்காரு," என்றான் எரிச்சலாக.

அவளை அப்படிக் கூப்பிட்டவர் குமரேசன் ஒருவர்தான். அதுவும் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது மட்டும்.

கலைமதி போனை வைத்தாள். அந்த நம்பரை பிளாக் செய்தாள். அவன் அனுப்பியதை அழித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பாயை விரித்து, ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"வந்தது வந்தீங்க," என்றாள் மெதுவாக. "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க."